பிணைப்பு முடியும் இடம்

மெழுகுவர்த்தியிலும் வைரத்திலும் கார்பன் அணுக்களைக் கட்டி வைத்திருப்பது ஒரே வகைப் பிணைப்பு. அணுவுக்கும் அணுவுக்கும் இடைப்பட்ட தொலைவு இரண்டிலும் ஏறத்தாழ 0.154 நானோமீட்டர். அந்தப் பிணைப்பை அறுக்கத் தேவையான ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: ஒரு மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல். இருந்தும் மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி வழிகிறது. நகம் பட்டாலே தடம் விழுகிறது. வைரத்தைக் கீற இன்னொரு வைரம் வேண்டும். காற்றில்லாத இடத்தில் 1500 டிகிரிக்குச் சூடேற்றினாலும் அது உருகுவதில்லை.

பள்ளி வேதியியலில் எல்லோரும் மனப்பாடம் செய்த அட்டவணை ஒன்று உண்டு. ஒரு பக்கம் அயனிச் சேர்மங்கள்: கடினமானவை, உயர்ந்த உருகுநிலை கொண்டவை. மறுபக்கம் சகப்பிணைப்புச் சேர்மங்கள்: மென்மையானவை, குறைந்த உருகுநிலை கொண்டவை, மின்சாரம் கடத்தாதவை. அடியில் ஒரு குறிப்பு: வைரமும் கிராஃபைட்டும் விதிவிலக்கு. தேர்வுக்கு இந்த அட்டவணை உதவலாம். ஆனால் சகப்பிணைப்பு என்பது வலுவற்றது என்ற எண்ணத்தை அது மாணவர் மனத்தில் விதைத்துவிடுகிறது. பிறகு அதைக் களைவது கடினம். உண்மையில் வைரம் விதிவிலக்கே அல்ல. மெழுகு எந்த விதிக்கு உட்படுகிறதோ அதே விதிக்குத்தான் வைரமும் உட்படுகிறது. மெழுகு உருகும்போது அதிலுள்ள சகப்பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. அறுவதெல்லாம் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பு. மெழுகில் சகப்பிணைப்பு ஒவ்வொரு மூலக்கூறின் விளிம்போடும் முடிந்துவிடுகிறது. வைரத்தில் அது கல்லின் விளிம்பு வரை ஓடுகிறது. ஒரு பொருளின் குணத்தை அறிய விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதைவிட, அது எந்தத் திசையில் ஓடி எங்கே முடிகிறது என்பதே.

அடுப்பில் கொதிக்கும் தண்ணீரே இதற்கு நல்ல சான்று. கொதிநிலையில் ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே அளவு நீரிலுள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அனைத்தையும் அறுக்க 900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதனால்தான் பானையிலிருந்து எழுவது நீராவியாக இருக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து எழுவதில்லை. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் ஆட்டத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் மோலுக்கு 2.5 கிலோஜூல் அளவில்தான் இருக்கிறது. சகப்பிணைப்பின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பின் முன்னாலோ அது ஒரு பெரிய எதிரி. உருகுதல், ஆவியாதல், நெகிழ்தல், ஒட்டுதல் எல்லாம் நடப்பது இந்த இரண்டாவது களத்தில்.

கார்பனின் நான்கு கைகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீண்டிருக்கின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே சொன்ன ஆண்டு 1874. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, பிணைப்பு எதனால் ஆனது என்று எவருக்கும் தெரியாத காலத்திலேயே, அதன் திசை தெரிந்துவிட்டது. 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்வதே இந்தப் பிணைப்பு என்றார். ஏன் அப்படிப் பங்கிட்டால் அணுக்கள் சேர்ந்து நிற்கின்றன என்பதற்கான முதல் கணக்கை ஹைட்லரும் லண்டனும் 1927இல் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த வரலாற்றிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு செய்திகள். சகப்பிணைப்புக்கு எண்ணிக்கை உண்டு: கார்பனுக்கு நான்கு, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. அதற்குத் திசையும் உண்டு. சோடியம் அயனி தன்னைச் சுற்றி எந்தப் பக்கம் குளோரைடு வந்தாலும் ஈர்க்கும். கார்பன் அப்படிச் செய்வதில்லை. குறித்த கோணத்தில் மட்டுமே கை கொடுக்கும்.

வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கைகளையும் நான்கு கார்பன்களுக்கே கொடுத்துவிடுகிறது. பிராக் தந்தையும் மகனும் 1913இல் எக்ஸ் கதிர்களால் கண்ட அமைப்பு இது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் அழுத்துகிறவர் சகப்பிணைப்பையே அழுத்துகிறார். இடையில் வழுக்கி விலக மெல்லிய தளம் ஏதுமில்லை. கடினத்தைவிட எனக்கு வியப்பூட்டுவது அதன் வெப்பக் கடத்தல். உலோகங்களில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் சுற்றித் திரியும் எலக்ட்ரான்கள். வைரத்தில் அப்படி எலக்ட்ரான் இல்லை, அதனால் மின்சாரமும் பாயாது. ஆனாலும் அது செம்பைப்போல் நான்கைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. இலேசான அணுக்கள், விறைப்பான பிணைப்புகள்; ஒரு முனையில் எழும் அதிர்வு மறுமுனைக்குச் சிதறாமல் விரைகிறது. நகைக்கடையில் கல்லின்மேல் பேனா போன்ற கருவியை வைத்துச் சோதிப்பது இந்தக் குணத்தைத்தான். திருச்சியில் தலைமுறைகளாகப் பட்டை தீட்டப்பட்டுவரும் செயற்கைக் கற்கள் அந்தச் சோதனையில் உடனே பிடிபட்டுவிடும். மாய்ஸனைட் என்ற கல் மட்டும் அதை ஏமாற்றும். அது சிலிக்கன் கார்பைடு. அதிலும் சகப்பிணைப்பு கல் முழுவதும் ஓடுகிறது, ஆகவே அதுவும் வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது. அதைப் பிரித்தறிய மின்கடத்தலைச் சோதிக்கும் இன்னொரு கருவி வேண்டும்.

அந்த அதிர்வை ஒளியாலும் படிக்கலாம். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல், மூலக்கூறுகளின் பிணைப்புகள் எந்த வேகத்தில் அதிர்கின்றன என்பதை எழுதிக் காட்டும் கருவியானது. இரண்டே ஆண்டுகளில் சி. ராமஸ்வாமி வைரத்தை அதே முறையில் ஆராய்ந்து, அதற்கு ஒரே ஒரு கூர்மையான கோடு இருப்பதைக் கண்டார். சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்ற இடத்தில் விழும் அந்தக் கோடு இன்றும் ஆய்வுக்கூடங்களில் வைரத்தின் கைரேகை. ராமன் பிற்காலத்தில் ஏராளமான வைரங்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்தவர். மாசற்ற சகப்பிணைப்பு எப்படி இருக்கும் என்பதை வைரத்தைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் இயற்கையில் இல்லை.

ராமனோடு அந்தச் சிதறலைக் கண்டறிந்த கே. எஸ். கிருஷ்ணன் எடுத்துக்கொண்டது கார்பனின் மறுமுகத்தை. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் படித்தவர் அவர். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டை அணுக்களோடு மட்டும் கைகோத்து அறுகோண வலையாகத் தட்டையாகப் படர்கிறது. அந்த வலைக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்தைவிடக் குறைவு. ஒரு வலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளியோ 0.335. ஆக ஒரே படிகத்துக்குள் ஒரு திசையில் வைரத்தையும் விஞ்சும் பிணைப்பு. அதற்குச் செங்குத்தான திசையில் பிணைப்பு என்று சொல்லவே முடியாத மெல்லிய ஈர்ப்பு. நான்காவது எலக்ட்ரான் எந்த இணையிலும் அடங்காமல் வலை முழுவதிலும் பரவித் திரிகிறது. கிராஃபைட்டின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மிகப் பெரிய அளவில் மாறுவதைக் கிருஷ்ணன் கல்கத்தாவில் நுட்பமாக அளந்தார். மின்கடத்தலும் அப்படியே மாறுகிறது என்பதை அவரும் என். கங்குலியும் 1939இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். கிராஃபைட் மின்சாரம் கடத்துமா என்று கேட்டால், எந்தத் திசையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பென்சில் தாளில் எழுதுவதும் பூட்டுத் துவாரத்தில் இட்ட கிராஃபைட் தூள் வழுக்குவதும் இந்த அடுக்குகளால் என்றே எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அது பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் கிராஃபைட் பிரஷ்கள் சட்டென்று தேய்ந்து தூளாயின. அங்கே காற்றில் ஈரம் இல்லாததே காரணம் என்று பிறகு தெரிந்தது. கிராஃபைட் அடுக்குகளின் ஓரங்களில் கை கொடுக்க ஆளில்லாமல் நிற்கும் கார்பன் அணுக்கள் உண்டு. நீராவி அவற்றின்மேல் படிந்து அவற்றை அடக்கி வைக்கிறது. வெற்றிடத்தில் அந்தக் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, வழுக்கல் போய்விடுகிறது. பிணைப்பு முடியும் விளிம்பில் என்ன நடக்கிறது என்பது உட்புறத்தைப் போலவே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வலையை விட்டுச் சங்கிலிக்கு வருவோம். சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேன், சமையல் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும், பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகு, பால் பாக்கெட்டின் பாலித்தீன். பெரும்பாலும் இவை எல்லாம் கார்பன்-கார்பன், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஆனவை. மாறுவது முக்கியமாகச் சங்கிலியின் நீளம். ஒரு கார்பன் உள்ள மீத்தேன் மைனஸ் 161 டிகிரியில் கொதிக்கிறது; மூன்று கார்பன் உள்ள புரோப்பேன் மைனஸ் 42இல்; நான்கு உள்ள பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்யத்தில்; எட்டு உள்ள ஆக்டேன் 126இல். இருபது முப்பது கார்பன் சேர்ந்தால் மெழுகு. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பாலித்தீன். வாயு, நீர்மம், திண்மம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதை ஒரே பிணைப்பு, நீளத்தை மட்டும் கூட்டிக் கடந்துவிடுகிறது.

நீளம் கூடக்கூட இன்னொன்றும் நிகழ்கிறது. ஒவ்வொரு கார்பனும் பக்கத்துச் சங்கிலியோடு கொள்ளும் ஈர்ப்பு மிகச் சிறியது, மோலுக்கு நான்கைந்து கிலோஜூல். ஆனால் அது கூட்டுத்தொகை. சங்கிலி ஏறத்தாழ நூறு கார்பனை எட்டும்போது இந்தச் சிறு ஈர்ப்புகளின் மொத்தம் ஒரு சகப்பிணைப்பின் வலுவையே தாண்டிவிடுகிறது. அதன் பிறகு அந்த மூலக்கூறைச் சூடாக்கினால், முழுதாகக் கிளம்பி ஆவியாகும் முன் அது இடையில் முறிந்துவிடும். மெழுகு திரியின் சூட்டில் ஆவியாகி எரிகிறது. பாலித்தீன் முழு மூலக்கூறாக ஆவியாக முடியாது. துண்டு துண்டாகச் சிதைந்துதான் எரியும். தனித்தனியே வலுவற்ற விசைகள் ஒன்றுசேர்ந்து வலுவான பிணைப்பை வெல்லும் இந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் என்ற பொருளே பிறக்கிறது.

அவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்பதையே முதலில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பரும் செல்லுலோஸும் சிறு மூலக்கூறுகளின் திரள் என்றே அன்றைய பெரிய வேதியியலாளர்கள் நம்பினார்கள். அவை சாதாரணச் சகப்பிணைப்பால் தொடுக்கப்பட்ட பெருஞ்சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதினார். அதற்காக அவர் பத்தாண்டுக்கும் மேல் வாதாட வேண்டியிருந்தது. நோபல் பரிசு வந்தது 1953இல். பாலித்தீனோ தேடிக் கிடைத்ததல்ல. 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வுக்கூடத்தில் வேறொரு வினைக்காக எத்திலீனை மிகுந்த அழுத்தத்தில் வைத்தபோது கலத்தில் வெண்ணிற மெழுகு போன்ற ஒன்று படிந்திருந்தது.

அந்த முறையில் கிடைக்கும் சங்கிலிகளில் கிளைகள் அதிகம். கிளை இருந்தால் நெருங்கி அடுக்க முடியாது. பொருள் இளகலாக இருக்கும். 110 டிகிரியை ஒட்டி உருகும். பால் பாக்கெட்டுக்கு ஏற்றது. கார்ல் ஸீக்லர் 1953இல் கண்ட வினையூக்கி கிளையில்லாத சங்கிலியைத் தந்தது. அது நெருக்கமாக அடுக்கப்பட்டு விறைக்கிறது. 130 டிகிரி வரை தாங்குகிறது. குடமும் வாளியும் ஆகிறது. மேலும் ஒரு படி போகலாம். பாலித்தீனின் சங்கிலிகள் சாதாரணமாகத் தட்டில் விழுந்த இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கின்றன; இழுத்தால் முதலில் சிக்கல்தான் நழுவும். மிக நீண்ட சங்கிலிகளைக் கரைசலிலிருந்து நூலாக இழுத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிமிர்த்தும் வழியை 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் கண்டார்கள். அந்த நூலை இழுக்கும்போது சுமையைத் தாங்குவது சகப்பிணைப்பு. அதே எடையுள்ள எஃகைவிடப் பல மடங்கு வலுவான அது தண்ணீரில் மிதக்கவும் செய்கிறது. கப்பல்களைத் துறையில் கட்டும் கயிறும் குண்டு துளைக்காத உடுப்பும் அதில் செய்யப்படுகின்றன. பால் பாக்கெட்டுக்கும் அதற்கும் பிணைப்பில் வேறுபாடு இல்லை.

ரப்பரில் கதை வேறு திருப்பம் எடுக்கிறது. மரத்திலிருந்து வடியும் பாலில் உள்ள சங்கிலி, இரட்டைப் பிணைப்புகளின் வளைவால் மடங்கிச் சுருண்டு கிடக்கிறது. அதே அணுக்கள், அதே வரிசை, வளைவு மட்டும் மறுபக்கமாக இருந்தால் கிடைப்பது கட்டா பெர்ச்சா. அது நிமிர்ந்து நெருக்கமாக அடுக்கப்பட்டு, தோல்போலக் கெட்டியாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது இரண்டு குறையும் நீங்கின. கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே சகப்பிணைப்பால் பாலம் போட்டன. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். சங்கிலிகள் இழுபடலாம், ஆனால் நழுவிப் போய்விட முடியாது; விட்டதும் பழைய சுருளுக்கே திரும்புகின்றன. முப்பது பங்குக்கு மேல் சேர்த்தால் சுருளவே இடமில்லாமல் பொருள் கல்லாகிறது: பழைய பேனாக்களின் எபோனைட்.

பாலம் போட்டதன் விலையும் பெரியது. இப்படிக் கந்தகத்தால் வல்கனையாக்கிய டயரில் சகப்பிணைப்பு எங்கும் முடிவதில்லை. ஏறக்குறைய முழு ரப்பரும் ஒரே மூலக்கூறு. ஒரே மூலக்கூறை எப்படி உருக்குவது? பாலித்தீன் வாளியை உருக்கி இன்னொரு வாளி வார்க்கலாம். டயரை உருக்கி டயர் வார்க்க முடியாது. லியோ பேக்லண்ட் 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து உண்டாக்கிய பேக்கலைட்டும் இப்படித்தான். குக்கர் கைப்பிடி அடுப்புத் தீயில் பட்டால் கருகும், வழியாது. மலைபோல் குவியும் பழைய டயர்களின் பிரச்சினைக்கு வேர் இந்தப் பாலங்களில் இருக்கிறது. பாரிஸில் லுட்விக் லைப்ளரின் குழு 2011இல் ஒரு புது வழியைக் காட்டியது. சூடேறும்போது பாலங்கள் அறாமல் இடம் மாறிக்கொள்ளும் வலை அது. மொத்தப் பிணைப்புகளின் எண்ணிக்கை குறையாது, ஆனால் பொருளைக் கண்ணாடிபோல மறுபடி வளைத்து வடிவமைக்கலாம். தொழிற்சாலை அளவில் அது டயருக்கு வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

இதுவரை சொன்னதில் நீளம், கிளை, பாலம் வந்தன. கோணம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை நெற்பயிர் காட்டுகிறது. அரிசியும் வைக்கோலும் ஒரே தாளில் விளைகின்றன. அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். ஒரு குளுக்கோஸிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஆக்சிஜன் பிணைப்பு மாவுச்சத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, செல்லுலோஸில் மறுபக்கம். அந்தச் சாய்வால் மாவுச்சத்துச் சங்கிலி திருகிச் சுருளாகிறது. அயோடின் சொட்டினால் அது சுருளுக்குள் புகுந்து நீலம் காட்டும். செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேர்கோடாக நீள்கிறது. நேர்ச் சங்கிலிகள் அருகருகே படுத்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் வரிசை வரிசையாகப் பூட்டிக்கொள்கின்றன, நாராகின்றன. நம் உமிழ்நீரிலுள்ள நொதி முதல் சாய்வை அறுக்கும், இரண்டாவதைத் தொடாது. ஆகவே அரிசி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. மாடும் தானாக அறுப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அறுக்கின்றன.

சோறு வேகும்போதும் குளுக்கோஸ் சங்கிலி அறுவதில்லை. இறுகிக் கிடந்த சங்கிலிகளுக்கு இடையே தண்ணீர் நுழைந்து அவற்றை விலக்குகிறது. ஆறிய சோறு மறுநாள் விறைப்பது அந்தச் சங்கிலிகள் தண்ணீரை விலக்கி மறுபடி ஒன்றையொன்று பற்றுவதால். வடித்த கஞ்சியைப் பருத்திச் சேலைக்குப் போட்டால் மாவுச்சத்து செல்லுலோஸின்மேல் ஹைட்ரஜன் பிணைப்பால் படிந்து மொடமொடப்பைத் தருகிறது. ஒரே அலசலில் அது போய்விடும், ஏனென்றால் அங்கே சகப்பிணைப்பு ஏதும் உண்டாகவில்லை. பருத்தித் துணியில் ஒன்று நிரந்தரமாக நிற்க வேண்டுமானால் அது செல்லுலோஸோடு சகப்பிணைப்பு கொள்ள வேண்டும், அல்லது நாருக்குள் கரையாமல் சிறைப்பட வேண்டும்.

சாயத்தின் வரலாறே இந்த இரண்டு வழிகளுக்கு இடையே ஓடியது. அவுரியின் நீலம் இரண்டாவது வழி. நாருக்குள் கரைந்த நிலையில் புகுந்து, காற்றுப்பட்டதும் கரையாத பொருளாகி உள்ளேயே தங்கும். பிணைப்பு இல்லாததால் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். ஜீன்ஸின் முழங்கால் வெளுப்பது அதனால்தான். சோழமண்டலக் கரையின் சாயவேர்ச் சிவப்பு, படிகாரத்தை இடையாளாக வைத்துத் துணியைப் பற்றியது. நேரடியாகப் பருத்தியோடு சகப்பிணைப்பு கொள்ளும் சாயம் சந்தைக்கு வந்தது 1956இல். முதல் செயற்கைச் சாயத்தை பெர்கின் கண்டு சரியாக நூறு ஆண்டு கழித்து. ஐசிஐ நிறுவனத்தின் இயன் ராட்டியும் வில்லியம் ஸ்டீபனும், குளோரின் தாங்கிய டிரையஸின் வளையத்தைச் சாயத்தோடு இணைத்தால், காரத்தில் பருத்தியின் ஆக்சிஜன் அந்தக் குளோரினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமரும் என்று கண்டார்கள். சாயம் இப்போது துணியின்மேல் இருக்கும் ஒன்றல்ல. செல்லுலோஸ் மூலக்கூறின் ஒரு பகுதி. ‘சாயம் போகாது’ என்று கடைக்காரர் சொல்லும் உறுதிக்குப் பின்னால் இருப்பது ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு.

திருப்பூரின் பனியன் தொழில் வளர்ந்தது இந்த ரியாக்டிவ் சாயங்களால்தான். அறுபது டிகிரி சூட்டில் வேலை முடிகிறது. எல்லா நிறமும் பளிச்சென்று வருகிறது. எத்தனை சலவையிலும் நிற்கிறது. ஆனால் இந்த வேதியியலுக்குள்ளேயே ஒரு சிக்கல் அடங்கியிருந்தது. அது நொய்யல் ஆற்றின் விதியானது. அதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாயப்பட்டறைகளின் குற்றம் பற்றிய பேச்சில் இந்த வேதியியல் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

பருத்தியின் ஆக்சிஜன் எதைச் செய்கிறதோ அதையே தண்ணீரின் ஆக்சிஜனும் செய்யும். சாயத் தொட்டியில் காரமான சோடா ஆஷ் விழுந்த கணம் முதல் சாய மூலக்கூறு இரண்டு பேருக்கு நடுவே நிற்கிறது. பருத்தியைப் பற்றினால் துணிக்கு நிறம். தண்ணீரைப் பற்றினால் அதன் கை நிறைந்துவிட்டது. இனி அது எந்த நாரையும் பற்றாது. பொதுவாக ஒரு கை மட்டும் உள்ள சாயங்களில் 60 முதல் 80 விழுக்காடு வரை துணியில் நிலைக்கிறது. மீதம் தண்ணீரோடு இணைந்து வீணாகிறது. வீணானதைத் துணியிலிருந்து நீக்கச் சோப்புக் கொதிநீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். சரியாக அலசாத துணிதான் வீட்டில் முதல் சலவையில் சாயம் விடுகிறது. நிலைத்த நிறம் போகவில்லை. நிலைக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது போகிறது.

உப்பின் கதை இதைவிட முக்கியமானது. தண்ணீரில் பருத்தி நாரின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொள்கிறது. சாயம் தண்ணீரில் கரைவதற்காக அதிலும் எதிர்மின்சுமை கொண்ட சல்ஃபோனேட் தொகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. பிணைப்பு உண்டாக வேண்டுமானால் முதலில் சாயம் நாரை நெருங்க வேண்டும்; அதற்காக உப்பைக் கொட்டி அந்த விலக்கத்தை மறைக்கிறார்கள். அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு போகும். அதில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. வந்த வேலையை முடித்துவிட்டு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. சாயத்தின் நிறத்தைச் சிதைக்க வழிகள் உண்டு. சோடியத்தையும் குளோரைடையும் எந்த நுண்ணுயிரும் தின்னாது, எந்தச் சுண்ணாம்பும் படியவைக்காது.

அந்த உப்பு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆற்றங்கரை நிலங்களிலும் கிணறுகளிலும் ஏறியது. தென்னையும் மஞ்சளும் விளைந்த மண் உவர்ந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய, சலவை ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பின் எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட சுத்திகரிப்பு நிலையங்கள் தொழிலின் நிபந்தனையாயின. உப்பு நீரையே மறுபடி சாயமிடப் பயன்படுத்தும் முறையும் வந்தது. இருந்தும் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டைகளாக அடுக்கி வைப்பதைத் தவிர இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. வேதியியலில் ஒரு படியை எளிதாக்கிய உப்புக்கு, ஒரு நதிப்படுகையின் மக்கள் விலை கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தச் சாயங்களின் திறமையை மட்டும் புகழ எனக்கு மனமில்லை.

வேதியியலாளர்கள் இரண்டு பக்கமும் முயல்கிறார்கள். சாயத்துக்கு ஒரு கைக்குப் பதில் இரண்டு கைகள் கொடுத்தால், ஒன்று தண்ணீரிடம் தோற்றாலும் மற்றது பருத்தியைப் பற்றும். நிலைப்பு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பெரும்பாலும் ஒரு கை டிரையஸின், மற்றது வினைல் சல்ஃபோன். முதலாவது அமிலத்தில் மெல்ல விடும், இரண்டாவது கடுங்காரத்தில். இரண்டும் சேர்ந்தால் வியர்வையையும் சலவைத் தூளையும் தாங்கும். மறுபக்கம், சாயமிடும் முன்பே நேர்மின்சுமையுள்ள தொகுதிகளைப் பருத்தியோடு சகப்பிணைப்பால் கோத்துவிடும் முறை. துணி சாயத்தைத் தானே இழுத்துக்கொள்வதால் உப்பே தேவையில்லை. ஆனால் சாயம் மிக வேகமாகப் பாய்வதால் முதலில் தொட்ட இடத்தில் திட்டுத் திட்டாக ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. சாயப்பட்டறை மேஸ்திரிக்கு அது பெரிய தலைவலி. அந்த நேர்மின்சுமைத் தொகுதியைப் பருத்தியில் பொருத்துவதற்கும் காரநீர்தான் வேண்டும். அங்கேயும் ஒரு பங்கு பருத்தியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிக்கொண்டு கழிவில் போகிறது. அந்தப் பங்கை எவ்வளவு குறைக்கலாம், தண்ணீரைக் குறைத்து ஈரத் துணியிலேயே வினையை நடத்தலாமா என்பதே இப்போது ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலை.